கோபியில் மூன்று வாரம், பெரியப்பாவின் கேன்சர் ஃபைலோடு

போன மாதம் மெல்பர்னிலிருந்து கோபிசெட்டிபாளையம் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன். பெரியப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய், நாலாம் நிலை. 21 நாளைக்கு ஒருமுறை கோவைக்குக் கூட்டிப்போய் கீமோ ஏற்ற வேண்டும். இதே நிலையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வைத்தியத்தில் குறையில்லை. காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்தால் பத்தரைக்கு ரிப்போர்ட், மதியத்துக்குள் டிரிப்ஸ். ஆனால் அந்த நாள் முழுக்க, டாக்டரிலிருந்து டிரிப்ஸ் ஏற்றிய சிஸ்டர் வரை ஒருத்தர்கூட "மனசு எப்படிங்க இருக்குது" என்று கேட்கவில்லை. வீட்டிலும் "சளிக்கட்டி" என்றே சொல்லி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசல் போர்டைப் படிக்கத் தெரியாதவரா அவர்?

ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டுத்தறியில் எருமைக்குப் பக்கத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். அடுத்த கீமோவுக்கு வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். "எதுக்குக் கண்ணு, காசுக்குத்தான் கேடு."

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த நர்ஸ்தான் கேட்டார்: "அய்யா, பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள உங்க வெசனம் எத்தனைங்க?" பெரியப்பா கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எட்டு விரலைக் காட்டினார். இந்த அளவுகோலில் நாலோ அதற்கு மேலோ வந்தாலே கவனிக்க வேண்டும். அப்புறம் ஈரோட்டில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம், தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார், எங்களை உட்கார வைத்து நோயின் பெயரையும் சொல்ல வைத்தார். பெரியப்பா "தெரியுமுங்க" என்றார், அவ்வளவுதான்.

இது வெறும் ஆறுதல் விஷயம் இல்லை. பாஸ்டனில் 151 நுரையீரல் புற்று நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010-ல் வந்தது. ஆரம்பத்திலிருந்தே வலி, மனசு இரண்டையும் கவனிக்கும் சிகிச்சை சேர்த்துப் பெற்றவர்களில் மனச்சோர்வு 16 சதவீதம், பெறாதவர்களில் 38. ஆயுளும் பெற்றவர்களுக்கு 11.6 மாதம், பெறாதவர்களுக்கு 8.9. சீனாவில் 2024-ல் வந்த ஆய்விலோ, இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை) எடுத்த நுரையீரல் புற்று நோயாளிகளில் மன உளைச்சல் இருந்தவர்களுக்கு நோய் சீக்கிரமே முற்றியது. உளைச்சல்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, ஆனாலும் கேட்காமல் விடுவது சரியா?

முதல் நாளே கவுன்சலர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. எங்களுக்கு இது இரண்டு மாதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த கீமோ வியாழக்கிழமை. வருகிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறார்.