30,000 சம்பளமா, 2,500 நாட்கூலியா, கடல் பங்கா? திருகோணமலையில் எந்த வருமானம் வீட்டைத் தாங்கும்

திருகோணமலையில் வேலை பேசும்போது சம்பளத்தை மூன்று விதமாகச் சொல்வார்கள். கடையிலும் ஆலையிலும் மாதக் கணக்கு. கட்டட வேலையில் நாள் கணக்கு. மீன் வாடியில் பங்குக் கணக்கு. மூன்றையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. 2,500 ரூபாவை 30 ஆல் பெருக்கி 75,000 என்று கணக்குப் போடுகிறவரும் ஏமாறுவார். 'ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) இருக்கு' என்ற ஒரே காரணத்துக்காகக் குறைந்த சம்பளத்துக்குப் போகிறவரும் ஏமாறுவார். பார்க்க வேண்டியவை இரண்டு: வருடம் முழுக்கக் கைக்கு வருவது எவ்வளவு, மாரி மாதங்களில் வருவது எவ்வளவு. திருகோணமலையில் கூலி வீடுகளின் கடன் பெரும்பாலும் நவம்பரிலும் டிசெம்பரிலும்தான் பிறக்கிறது.

முதலில் விலைவாசி. 2021 செப்டெம்பரில் நாட்டரிசிக்கு அரசு நிர்ணயித்த உச்ச விலை கிலோ 98 ரூபா. 2024 டிசெம்பரில் அது 230 ஆனது. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபா. 2022 நடுவில் 4,900 ஐத் தாண்டிப்போய், 2025 இல் 3,690 இல் நின்றது. இதே காலத்தில் தனியார் துறையின் ஆகக்குறைந்த மாதச் சம்பளம், நிவாரணப்படி 3,500 உடன் சேர்த்து 16,000 இலிருந்து, 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரி முதல் 30,000 ஆகியிருக்கிறது. நாட்கூலியின் சட்டபூர்வ அடிமட்டம் இப்போது 1,200 ரூபா.

சம்பளம் இரண்டு மடங்கை நெருங்கிவிட்டதே என்று தோன்றும். அரிசியில் அளந்தால் தோற்றம் மாறும். 16,000 ரூபாவுக்கு அன்று 163 கிலோ நாட்டரிசி வந்தது. அந்த 230 விலையில் 30,000 ரூபாவுக்கு 130 கிலோ. சிலிண்டரில் அளந்தால் அன்று பத்துக்கு மேல், 2025 விலையில் எட்டு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுப் பணவீக்கம் 94.9. பிறகு பணவீக்கம் இறங்கியது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மாதாந்தம் அறிவிக்கப்படும் உத்தியோகபூர்வ வறுமைக் கோடு 2025 இல் ஒருவருக்கு 16,000 ரூபாவுக்குச் சற்று மேலே இருந்தது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது 64,000 க்கு மேல். ஆகக்குறைந்த சம்பளம் ஒன்று அதில் பாதியைக்கூட எட்டாது.

மாதச் சம்பளம்

30,000 ரூபா சம்பளத்தில் ஊழியரின் பங்காக 8 சதவீதம், அதாவது 2,400 ரூபா, சேமலாப நிதிக்குப் போகும். கையில் 27,600. முதலாளி தன் பக்கத்திலிருந்து 12 சதவீதமாக 3,600 ரூபாவும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமாக 900 ரூபாவும் போட வேண்டும். இந்த இரண்டையும் ஊழியரின் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. பேருந்துக்கும் தேநீருக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நாளுக்கு 300 என்று வைத்தால் 26 நாளுக்கு 7,800. வீட்டுக்கு வந்து சேர்வது 19,800.

இதைத் தூக்கி நிறுத்துவது ஓவர்டைம்தான். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளத்தை 240 ஆல் வகுத்தால் மணிக்கு 125, ஒன்றரை மடங்கு 187.50. வாரத்துக்கு 12 மணிநேரம் என்ற உச்ச வரம்பு வரை நின்றால் மாதம் ஏறத்தாழ 9,000 கூடும். அப்போது வீட்டுக்கு 28,800 வரும். ஆனால் இரவு எட்டரைக்குக் கடை பூட்டிய பிறகு மூதூருக்கோ குச்சவெளிக்கோ போகப் பேருந்து இருக்கிறதா என்பதை முதலே பார்க்க வேண்டும். ஆட்டோவில் போனால் அன்றைய ஓவர்டைம் முழுதும் வழியிலேயே கரைந்துவிடும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. சம்பளத்தை 'அடிப்படை' என்றும் 'வரவுக் கொடுப்பனவு' என்றும் இரண்டாக உடைத்து, சிறிய துண்டுக்கு மட்டும் ஈ.பி.எஃப் கட்டுவது. 2025 திருத்தத்தில் பழைய நிவாரணப்படிகள் ஆகக்குறைந்த சம்பளத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டன. ஆகவே 30,000 இல் ஒரு ரூபாவும் குறையாமல் முழுத் தொகைக்கும் கட்ட வேண்டும். 20,000 க்கு மட்டும் கட்டினால் முதலாளி பக்கத்திலிருந்து மட்டும் மாதம் 1,500 போய்விடும். பணிக்கொடையும் அந்தச் சிறிய அடிப்படையிலேயே கணக்கிடப்பட்டுவிடும் அபாயம் உண்டு. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்பதே பணிக்கொடை. 30,000 சம்பளக்காரருக்குப் பத்து வருடத்தில் 1,50,000.

ஒரு மாதத்துக்கான ஈ.பி.எஃப் பணம் அடுத்த மாதம் முடிவதற்குள் வங்கிக்குப் போய்விட வேண்டும். பிந்தினால் முதலாளிக்கு 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும். சம்பளச் சிட்டையில் 8 சதவீதம் கழிந்திருப்பது, பணம் கணக்கில் விழுந்ததற்குச் சாட்சி அல்ல. அங்கத்துவ இலக்கத்தையும் முதலாளியின் பதிவிலக்கத்தையும் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே எழுதி வாங்கிக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது தொழில் திணைக்கள அலுவலகத்தில் மீதியைப் பார்க்க வேண்டும். கடை மூடி, முதலாளி ஊரை விட்டுப் போன பிறகு தேடத் தொடங்கினால் வருடக்கணக்கில் இழுபடும்.

நாட்கூலி

கட்டட வேலையில் கையாளுக்கு (மேசனுக்கு உதவி செய்பவருக்கு) நாளுக்கு 2,500 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இடத்தில் கூடக்குறைய இருந்தால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளலாம், கணக்கின் முறை ஒன்றுதான். முக்கியமானது நாட்களின் எண்ணிக்கை. மார்ச் முதல் செப்டெம்பர் வரை மாதம் 20 நாள். ஒக்டோபரில் 14, நவம்பர், டிசெம்பரில் எட்டு எட்டு நாள், ஜனவரியில் 12, பெப்ரவரியில் 18. மொத்தம் 200 நாள். வடகீழ்ப் பருவமழை இங்கே பெய்யும் பெய்ச்சலுக்கு இது மிகைப்படுத்திய குறைப்பு அல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மூதூர், வெருகல் பக்கம் வெள்ளத்தில் நின்றவர்களுக்கு அந்த எட்டு நாளும் கிடைத்திருக்காது.

அதே 300 ரூபா வழிச்செலவைக் கழித்தால் நாளுக்கு 2,200, வருடத்துக்கு 4,40,000. பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 36,667. நல்ல மாதத்தில் 44,000, மாரியில் 17,600. ஆகக்குறைந்த சம்பளக்காரரின் 19,800 ஐ இதன் அருகில் வைத்துப் பாருங்கள். மாரி மாதத்தில் மட்டும் மாதச் சம்பளம் 2,200 ரூபாவால் முந்துகிறது. மற்றக் காலம் முழுக்க நாட்கூலிதான் முன்னே.

அப்படியானால் எவ்வளவு சம்பளம் தந்தால் கையாள் வேலையை விட்டுவிட்டு மாதச் சம்பளத்துக்குப் போகலாம்? ஈ.பி.எஃப், நம்பிக்கை நிதியம், பணிக்கொடை எல்லாவற்றையும் பணமாக எண்ணினால் ஏறத்தாழ 37,300. கைக்கு வரும் காசை மட்டும் எண்ணினால் 48,300. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சம்பளங்களில்தான் உண்மையான யோசனை இருக்கிறது. 55 வயதில் வரும் பணம் இந்த மாத அரிசிக்கு உதவாது. பெண்களுக்கு அந்த வயது 50. பத்து வருடம் கட்டி 3,00,000 க்கு மேல் மீதி இருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 சதவீதம் எடுக்கலாம். கடன் இல்லாத, வேறொருவரும் உழைக்கும் வீடு என்றால் 40,000 சம்பளத்தைத் தயங்காமல் எடுக்கலாம் என்பதே எங்கள் கருத்து. ஒருவரே உழைத்து, பால்மாவும் கடைக் கொப்பியில் ஏறும் வீடு என்றால் அந்த 40,000 நெருக்கும்.

நாட்கூலியில் எழுதாத இழப்புகள் உண்டு. மதியத்துக்குப் பிறகு மழை இறங்கினால் அரைநாள். சீமெந்து வரவில்லை என்றால் காலையிலேயே திரும்பி வர வேண்டும், வழிச்செலவு போனதுதான். சனிக்கிழமைக் கணக்கில் 'மிச்சம் வீட்டுக்காரர் தந்ததும்' என்று இழுக்கப்படும் பாக்கி, வேலைத்தளம் மாறியதும் மறைந்துவிடும். கை, காலில் அடிபட்டால் அன்றோடு வருமானம் நின்றுவிடும். கடை, காரியாலய ஊழியருக்கு வருடத்தில் 14 நாள் வருட விடுமுறையும் 7 நாள் தற்செயல் விடுமுறையும் சம்பளத்தோடு உண்டு. கையாளுக்கு நடைமுறையில் ஒன்றும் இல்லை. ஆனால் பலருக்கும் தெரியாத ஒன்று: தற்காலிகம், நாட்கூலி, துண்டுக்கூலி என்று எந்தப் பெயரில் வேலை செய்தாலும் ஈ.பி.எஃப் உரிமை முதல் நாளிலிருந்தே உண்டு. ஒரே கொந்தராத்துக்காரரிடம் வருடக்கணக்கில் போகிறவர்கள் அதைக் கேட்பதில் பிழையே இல்லை.

இனி அந்த மாரிப் பள்ளம். மாதம் 36,667 செலவு செய்யும் வீட்டுக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை சேர்ந்து விழும் குறை ஏறத்தாழ 54,000 ரூபா. தீபாவளியும் இதற்குள்தான் வரும். அதை 'நூற்றுக்குப் பத்து' வட்டிக்கு எடுத்தால் மாதம் 5,400 வட்டி. ஏறத்தாழ இரண்டரை நாள் உழைப்பு வட்டிக்கே போகும், முதல் அப்படியே நிற்கும். கிழமைத் தவணை நுண்கடன் இதைவிட நெருக்கும், மழை பெய்தாலும் தவணை நாள் மாறாது. மார்ச் முதல் செப்டெம்பர் வரை மாதம் 7,300 ரூபாவை, அதாவது மூன்று நாலு நாள் கூலியை ஒதுக்கினால் அந்தப் பள்ளம் பெரும்பாலும் நிரம்பும். சீட்டில் போடுவதானால் ஒக்டோபரில் அல்லது நவம்பரில் எடுக்கும் இடம் கிடைத்தால் மட்டும் போடுங்கள். ஏப்ரலில் எடுத்த சீட்டு மாரிக்கு நிற்காது.

மேசனாகிவிட்டால் கணக்கே வேறு. கூலி கூடுவது ஒரு புறம். மழைக்காலத்தில் உள்வேலை, பூச்சு, தரை ஓடு பதித்தல் என்று வேலைநாட்களும் கூடும். பல வருடம் கையாளாக நின்றவர், முன்னனுபவத்தை வைத்தே தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

கடல் பங்கு

திருக்கடலூர், இறக்கக்கண்டி, கின்னியா என்று கரைக்குக் கரை வழக்கம் சற்று மாறினாலும் அடிப்படை ஒன்று. எண்ணெய், ஐஸ், சாப்பாடு முதலில் கழியும். மிச்சத்தில் பாதி படகு, எஞ்சின், வலைக்கு. மற்றப் பாதி ஆட்களுக்கு. இரண்டு பேர் போகும் ஃபைபர் படகை எடுத்துக்கொள்வோம். 30 லீற்றர் மண்ணெண்ணெய், 2025 நடுப்பகுதி விலை 185 இல் 5,550. ஐஸ், எஞ்சின் ஒயில், பெற்றோல், சாப்பாட்டுடன் 9,000 என்று வைப்போம். மீன் சராசரியாகக் கிலோ 500 க்குப் போனால் முதல் 18 கிலோ செலவுக்கே சரி. கையாளின் 2,200 ஐ ஒவ்வொருவரும் எடுக்க ஏறத்தாழ 36 கிலோ பிடிபட வேண்டும். 60 கிலோ பிடித்தால் ஆளுக்கு 5,250. 20 கிலோ என்றால் 250.

மேசனுக்கும் கடையில் நிற்பவருக்கும் எண்ணெய் விலை சுற்றி வளைத்துத்தான் வந்து சேரும். பங்குக்காரருக்கு அது அன்று மாலையே பங்கில் கழியும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 இலிருந்து ஒரே நாளில் 340 ஆனபோது, இந்த 30 லீற்றர் பயணத்தின் செலவு 7,590 ஆல் ஏறியது. ஒவ்வொரு ஆளின் பங்கிலும் ஏறத்தாழ 1,900 போனது. 340 இல் அதே 2,200 ஐ எடுக்க 45 கிலோ வேண்டும், 87 இல் 30 கிலோ போதுமாக இருந்தது. கடலில் மீன் குறையாமலே தொழில் நட்டமாவது இப்படித்தான்.

வாடைக் காற்று எழும்பினால் வெளிக்கடல் இல்லை. கொட்டியாரக் குடாவுக்குள் ஒதுங்கித் தொழில் செய்பவர்களுக்குச் சில நாள் கூடக் கிடைக்கும். மாரியில் முதலாளியிடம் வாங்கும் முற்பணம் வட்டியில்லாதது போலத் தெரியும். ஆனால் கோடையில் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கும். கிலோவுக்கு 50 ரூபா குறைந்தாலும் 40 கிலோவுக்கு 2,000 போகும், அதில் கால் பங்கு உங்களுடையது. சொந்தப் படகு இல்லாதவர் பங்குக்குப் போவதைக் கோடைத் தொழிலாக வைத்து, மாரிக்கு வேறொன்றைக் கையில் வைத்திருப்பதே நல்லது.

நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல் வேலையும் மே முதல் செப்டெம்பர் வரை நிரம்பி, மாரியில் வற்றும். அதனால் ஹோட்டலையும் கடல் பங்கையும் ஒரே வீட்டில் இரண்டு பேர் பிடித்தால் இரண்டும் ஒரே மாதத்தில் விழும். கணவர் கையாள் அல்லது கடல், மனைவி கடையிலோ ஆலையிலோ மாதச் சம்பளம் என்றால், முன்னே சொன்ன கையாள் கணக்கில் நல்ல மாதம் 63,800 வரும், மாரியிலும் 37,400 நிற்கும். 30,000 சம்பளம் தனியே நின்றால் தோற்கும், இரண்டாவது வருமானமாக நின்றால் அதன் பெறுமதி வேறு. அரசின் அஸ்வெசும உதவிப்பணம் கிடைக்கும் வீடுகள் இதோடு வறிய பிரிவில் 10,000 அல்லது மிக வறிய பிரிவில் 17,500 ஐச் சேர்க்கலாம்.