தை முகூர்த்தத்துக்குச் சத்தியில் பூ எடுத்தோம்: பலகை இல்லாத கட்டுக்கடைக்கு என் மார்க்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, கூகுள் மேப்பில் தேட வேண்டாம். சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில், நீலத் தார்ப்பாய் கட்டின திண்ணையில் ஆறேழு பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருப்பார்கள். தராசுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருக்கிற அக்காதான் முதலாளி. போன தை மாதம் என் அக்கா மகள் கல்யாணத்துக்குத் தலைக்குப் பூ, மாலை, ஜடை எல்லாம் இவரிடம்தான் எடுத்தோம். மேடை அலங்காரம் மட்டும் வேறு ஒருவர். அவர் கதையைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், இப்போதே ஆரம்பித்தால் கோபத்தில் நல்லதை எழுத மறந்துவிடும்.

கல்யாணம் கோபிசெட்டிபாளையத்தில், எங்களுக்கு அது கோபி. தாய்மாமன் சீர் செய்வது என் வேலை, பூ என் வேலையே இல்லை. ஆனால் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம், தாலி கட்டுகிற நேரத்திலேயே பெண் தலையில் இருந்த மல்லி ஓரமெல்லாம் பழுத்து ஊறின வற்றல் மாதிரி தொங்கியது. அந்த ஆல்பத்தில் பின்பக்கம் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டாள் அந்தப் பெண். அந்தப் பயத்தில்தான் என் அக்கா என்னைப் பிடித்தாள். "தம்பி, பூவ மட்டும் நீயே பாத்துக்க, காசு எவ்வளவானாலும் சரி." தை மாதத்தில் பூ வாங்கப் போகிறவனிடம் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லக்கூடாது, பின்னால் அவளே தெரிந்துகொண்டாள்.

நேராகச் சத்திக்கு ஒன்றும் போகவில்லை. கோபியிலேயே ரெண்டு கடை, ஈரோட்டில் ஒன்று, கோயமுத்தூரில் மேட்டுப்பாளையம் ரோட்டுப் பூ மார்க்கெட்டில் ஒரு நாள் முழுக்க என்று சுற்றியாகிவிட்டது. எல்லா இடத்திலும் முதல் கேள்வி எத்தனை முழம், ரெண்டாவது கேள்வி பட்ஜெட் எவ்வளவு. ஒருத்தர் செல்போனில் அறுபது படம் காட்டினார், அதில் பாதி வெளிநாட்டுக் கல்யாணம். சத்தியில் இந்தக் கடைக்கார அக்கா கேட்டது வேறு.

"முகூர்த்தம் எத்தன மணிக்குங்?"

காலை ஆறிலிருந்து ஏழரை என்றேன். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு உண்டா என்று கேட்டார், உண்டு என்றேன். "அப்ப ரெண்டு விதமா கட்டோணுமுங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, காசு கறக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

விஷயம் இதுதான். மல்லியை மொட்டாகத்தான் பறிப்பார்கள், விடிகிறதற்கு முன்னாலேயே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறவர்கள் உண்டு. அந்த மொட்டு அன்றைக்கே பொழுது சாய்ந்த பிறகு விரியும், விரிந்த பூவுக்கு ஒரு ராத்திரிதான் ஆயுசு. அதனால் சாயங்காலம் ஏழு மணி வரவேற்புக்கு அன்று காலையில் பறித்த பூ கச்சிதமாக அமைந்துவிடும், தலையில் வைக்கும்போது மொட்டு, பந்தியில் உட்காரும்போது மண்டபமே மணக்கும். காலை ஆறு மணிதான் தகராறு. நேற்றுப் பறித்தது ராத்திரியே விரிந்து முடித்திருக்கும், இன்றைய பூ இன்னும் ஏலத்துக்கே வந்திருக்காது. நம் பக்கம் முகூர்த்தமெல்லாம் விடிகாலையில்தான் என்பதால் அந்தச் சொந்தக்காரப் பெண்ணுக்கு நடந்தது அதிசயமே இல்லை, ஒரே பூவை ராத்திரிக்கும் காலைக்கும் சேர்த்துக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த அக்கா செய்தது என்னவென்றால், காலைக்கு வேண்டிய மொட்டை முதல் நாளே நெருக்கிக் கட்டி, வாழை இலையில் சுருட்டி, அதன் மேல் நன்றாகப் பிழிந்த ஈரத் துணியைச் சுற்றி, அடியில் ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். ஐஸுக்கும் பூவுக்கும் நடுவில் பேப்பர் மடித்துப் போட்டிருந்தது. குளிரில் மொட்டு விரியாமல் அப்படியே நிற்கும், நாலு மணிக்குப் பெட்டியைத் திறந்து வெளியே வைத்தால் போதும், மிச்சத்தைத் தலைச் சூடு பார்த்துக்கொள்ளும் என்றார். நாலே கால் ஆகிவிட்டது எங்களுக்கு, மண்டபத்தில் சாவி வைத்திருந்த ஆள் தூங்கிவிட்டார். ஆனாலும் தாலி கட்டும்போது பூ பாதி விரிந்து பாதி மொட்டாக நின்றது, மாப்பிள்ளை வீட்டு அம்மாயி ஒருத்தர் பெண்ணின் பின்பக்கம் குனிந்து மோந்தே பார்த்தார். அதற்கே முழு மார்க்.

விலைக்கு வருகிறேன். மார்கழிக் குளிரும் பனியும் மல்லிச் செடிக்கு ஆகாது, மொட்டே பிடிக்காது. அந்த நேரம் பார்த்து, மார்கழி முழுக்க நிறுத்தி வைத்திருந்த கல்யாணமெல்லாம் தையில் ஒரே மூச்சாக வந்து விழும். நாங்கள் வாங்கிய அன்று கிலோ 2,800 ரூபாய். இதே திண்ணையில் சித்திரையில் 400 ரூபாய்க்கும் வாங்கியிருக்கிறேன், அப்போதெல்லாம் மிஞ்சுகிற பூ செண்ட் கம்பெனிக்குப் போகும். முன்னாலேயே விலை பேசி முடித்துவிடலாம் என்று பார்த்தேன், அக்கா மசியவில்லை. அன்றைக்கு ஏலத்தில் என்ன போகிறதோ அந்த விலை, அதற்கு மேல் கட்டுகூலி கிலோவுக்கு 250. இது எனக்குப் பிடித்திருந்தது. முன்கூட்டியே ஒரு விலை சொல்லிவிட்டு அன்றைக்கு ஏலம் ஏறிவிட்டால், கடைக்காரர் எங்கேயாவது ஒரு இடத்தில் கையைச் சுருக்கத்தான் செய்வார், ஒன்று எடையில், இல்லை கலப்பில்.

கலப்பு என்று சொன்னேனே, காக்கடாவைத்தான் சொல்கிறேன். மல்லியைவிட மலிவு, பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், வாசம் பேருக்குத்தான். சரத்தில் நடுநடுவே சேர்த்துக் கட்டிவிட்டால் தள்ளி நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. கையில் எடுத்துப் பாருங்கள்: மல்லி மொட்டு குண்டாக இருக்கும், காக்கடா கூராக ஒல்லியாக இருக்கும். இந்த அக்காவும் காக்கடா விற்கிறார்தான், சொல்லிவிட்டு விற்கிறார். மண்டப வாசலில் சந்தனம், கல்கண்டோடு தட்டில் வைக்கிற பூவுக்கும் மல்லியே கேட்டேன். "வர்ற எண்ணூறு பேருக்கும் மல்லி குடுத்தீங்கன்னா காட்டை விக்கோணுமுங்க. வாசத்துக்கு முல்லை, வெள்ளைக்குக் காக்கடா, ரெண்டையும் சேத்துக் கட்டித் தர்றனுங்க" என்றார். அப்படியே செய்தோம், யாரும் குறை சொல்லவில்லை. ஆக மல்லி 5 கிலோ, தட்டுக்கு 3 கிலோ.

முழக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். முழம் என்பது விற்கிறவர் கை அளவு, வாங்குகிற நமக்கு அதில் பேச்சே கிடையாது, கூடவே முழத்துக்குள் எத்தனை பூ என்பதற்கும் கணக்கில்லை. கல்யாணத்துக்கு முழமாக வாங்காதீர்கள், கிலோவாக எடுத்துக் கட்டுகூலி கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு நெருக்கிக் கட்டியதில் கிலோவுக்கு இருபது முழத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது, என் அம்மா தன் கையாலேயே அளந்து பார்த்தார். கட்டினது நூலில் இல்லை, தண்ணீரில் ஊறவைத்த வாழை நாரில். அந்தப் பெண்கள் கட்டுவதை நின்று பார்த்தால் நேரம் போவதே தெரியாது, இடது கையில் நாரைப் பிடித்து இந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, அந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு, பேசிக்கொண்டேதான் கட்டுகிறார்கள், குனிந்துகூடப் பார்ப்பதில்லை. தண்ணீரை மட்டும் யாரும் பூ மேல் தெளிக்கவில்லை. எடை ஏற்றுவதற்காக வாரி அடிக்கிற கடைகளும் இருக்கின்றன, அப்படி நனைந்த மொட்டு சீக்கிரம் பழுத்துவிடும்.

ஜடைதான் இந்தக் கடையின் சிறப்பு. பெண்ணின் பின்னல் நீளத்தை ஒரு துண்டு நூலில் அளந்து கொண்டுவரச் சொன்னார்கள். அந்த அளவுக்கு வாழைப்பட்டையை நறுக்கி, அதன் மேல் ஊசியால் மொட்டு மொட்டாகத் தைக்கிறார்கள். தைத்தது இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண். முறத்தில் மொட்டைக் கொட்டி முதலில் ஒரே அளவாகப் பொறுக்கி வரிசை வைத்தாள், அதற்கே அரை மணி நேரம் ஆனது, கொஞ்சம் பெரிசாகத் தெரிந்ததையெல்லாம் தட்டுப் பூவில் தள்ளிவிட்டாள். அப்புறம் பட்டையின் ஓரத்திலிருந்து மேல்நோக்கி ஏறுவரிசையாகத் தைத்து, நடுவில் சிவப்பு ரோஜா இதழை மடித்து மடித்து வைத்து, ரெண்டு பக்கமும் மரிக்கொழுந்து. முடித்ததும் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தாள். ஒரு பூ விழவில்லை. ஜடை ஒன்று 2,000 ரூபாய், ரெண்டு எடுத்தோம், வரவேற்புக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று. கனம் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. "மாமா, கழுத்து பின்னாடி இழுக்குது" என்று பெண் முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தாள்.

மாலையில் தப்பு என்னுடையது. சம்பங்கியில் கட்டி நடுநடுவே சிவப்பு ரோஜா வைத்தால் நாள் முழுக்கத் தாங்கும் என்று அக்கா சொன்னார். எனக்குப் பன்னீர் ரோஜா வாசம் என்றால் உயிர், முகூர்த்த மாலை அதில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். உதிருமுங்க என்று ரெண்டு தடவை சொன்னார், மூன்றாம் தடவை சொல்லவில்லை, கட்டிக் கொடுத்துவிட்டார். எங்கள் கொங்குக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடி முடிகிற வரை மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்திருக்க வேண்டும், கம்பர் பாடியது என்று சொல்வார்கள், நீளமும் அதற்கேற்ற மாதிரிதான். பாதிக்கு வரும்போதே மணவறை முழுக்க இதழ். "மாப்ளைக்கு மால போட்டீங்களா, பாய் விரிச்சீங்களா" என்று சடங்கு நடத்துகிற அருமைக்காரர் கேட்டுவிட்டார், சபையே சிரித்தது. வரவேற்புக்குப் போட்ட சம்பங்கி மாலை மறுநாள் மத்தியானம் ஆணியில் தொங்கிக்கொண்டு அப்படியே இருந்தது.

கடைக்கு நான் மார்க் குறைத்தது ரெண்டு விஷயத்துக்கு. ஒரு பெட்டியில் பேப்பரைச் சரியாக மடிக்கவில்லை, ஐஸ் உருகி ஒரு சுருட்டில் தண்ணீர் ஏறி, ஆறேழு முழம் புள்ளி விழுந்து போயிற்று. பணத்தைக் கழித்துக்கொண்டார்கள், ஆனால் அந்த நேரத்துக்குப் பணமா முக்கியம், இணைச்சீர்ச் சடங்குக்கு உட்காருகிற மாப்பிள்ளையின் அக்காவுக்கு வைத்திருந்த பூ அது, என் பெண்டாட்டி தன் பங்கைக் கொடுத்துச் சமாளித்தாள். இன்னொன்று, போனை எடுக்கவே மாட்டார்கள். ஏலம் நடக்கிற நேரத்தில் கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள் என்பது சரி, ஏலம் முடிந்த பிறகும் எடுக்கவில்லை. டெலிவரியும் கிடையாது, நாம்தான் போய் எடுத்துவர வேண்டும். பில் என்று கேட்டால் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுகிறார். அதில் இருந்தது 35,500, நாலு மாலை, உதிரிப்பூ எல்லாம் சேர்த்து.

இப்போது அந்த மேடைக்காரர். பேர் வேண்டாம். 55,000 ரூபாய்க்குப் பேச்சு, முழுக்க நிஜப்பூ, கார்னேஷனும் ஜெர்பெராவும் நீலகிரியிலிருந்து அன்றைக்கே வந்துவிடும் என்றார். வந்தது, இடுப்பு உயரம் வரைக்கும். அதற்கு மேல் எல்லாம் பிளாஸ்டிக், அதுவும் யாரோ ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்தில் மாட்டிக் கழற்றியது, இலையில் தூசி. அதன் மேல் செண்டை அடித்து வைத்திருந்தார், மல்லி வாசத்தோடு அது சேர்ந்து மேடை பக்கம் போனாலே தும்மல். கேட்டதற்கு, "மேல இருக்கறது எட்டாதுங்ளே சார், யாரு தொட்டுப் பாக்கப் போறாங்க?" என்றார். என் பெரிய பையன் ஏணி போட்டு ஏறித் தொட்டுப் பார்த்தான். கடைசியில் பத்தாயிரம் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தோம். மேடைக்கு ஆள் பேசுகிறவர்கள் எந்தப் பூ, எத்தனை கட்டு, எந்த உயரம் வரைக்கும் என்று தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நிஜப்பூ என்ற ஒரு சொல்லை நம்பாதீர்கள்.

இத்தனைக்கும் வந்தவர்கள் அதிகம் நின்று படம் எடுத்தது மேடையிலும் இல்லை. மண்டப வாசலில் தோட்டத்து வாழை ரெண்டு, தாரோடு. பக்கத்தில் பாக்குக் குலை, இளநீர்க் குலை, கூந்தப்பனை, மேலே தென்னங்குருத்துத் தோரணம். ஊரில் ரெண்டு பெரியவர்கள் வந்து கட்டினார்கள், வண்டி வாடகையும் கூலியும்தான் செலவு.

பத்துக்கு எட்டரை. சத்திக்குப் போகிறவர்கள் கல்யாணத்துக்கு இருபது நாளுக்கு முன்னால் ஒரு தடவை நேரில் போய்த் தேதியும் நேரமும் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், அட்வான்ஸ் ஆயிரம் ரூபாய் போதும் என்பார். வரும் ஆவணியில் என் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது ஆவணியில் மல்லி என்ன விலை போகும் என்று சும்மா கேட்டுவைத்தேன். அக்கா நாரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அத இப்பவே எப்படிங் சொல்றது? முகூர்த்தம் எத்தன மணிக்குங், அத மொதல்ல சொல்லுங்க."