பூனையின் பிரஷர் குளிசை: வெட்டிக் கொடுத்த கார்டை நம்பி ஏமாந்தேன்

எங்கள் கறுப்பிக்கு 13 வயது. கண்மணி விரிந்து கதவு நிலையில் முட்டத் தொடங்கியபோது உவர்மலையிலிருந்து பேராதனை மிருக வைத்தியசாலை வரை கொண்டு போனோம். முன்னங்காலில் சிறு பட்டையைச் சுற்றி ஐந்தாறு முறை இரத்த அழுத்தத்தை அளந்தார்கள். மேல் அளவு 160ஐத் தாண்டினாலே பூனைக்கு மருந்து வேண்டுமாம். இவளுக்கு 200க்கு மேல். சிறுநீரகம் பழுதானதால் வந்த அழுத்தம். அம்லோடிபின் 2.5 மில்லிகிராம் குளிசையில் கால் துண்டு, அதாவது 0.625 மில்லிகிராம், நாளுக்கு ஒரு தடவை என்று எழுதித் தந்தார் மிருக வைத்தியர்.

முதல் மாதம் நன்றாகவே போனது. குளிசை முடிந்ததும் திருகோணமலை நகரத்துப் பார்மசி ஒன்றில் வைத்தியர் எழுதிய துண்டைக் கொடுத்தேன். "பூனைக்கா?" என்று சிரித்தவர், குளிசைக் கார்டைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டு மேலே 1/4 என்று மட்டும் எழுதினார். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த அலட்சியம் என்னுடையது.

மூன்றாம் நாள் அவள் சீமெந்துத் தரையிலிருந்து எழும்பவில்லை. சூடை மீனை மூக்கருகே வைத்தும் தலை திருப்பவில்லை. ஈறு வெளிறிக் கிடந்தது. உறையைக் கவிழ்த்துப் பார்த்தேன்: கார்டின் பின்புறத்தில் "அம்லோ" வரைதான் இருந்தது. அளவு அச்சிட்ட பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது.

ஓடிப்போய்க் கேட்டேன். லாச்சியைத் திறந்து மீதிக் கார்டைக் காட்டினார்: 10 மில்லிகிராம். "2.5 முடிந்துவிட்டது அம்மா, குளிசை ஒன்றுதானே. மனிதர்கள் முழுசாகவே குடிக்கிறார்கள்." மனிதர்களுக்கே நாளொன்றுக்கு அதுதான் உச்ச அளவு. மூன்றரைக் கிலோ பூனைக்கு நான் என் கையாலேயே நான்கு மடங்கு ஊட்டியிருக்கிறேன். இந்த மருந்து உடலைவிட்டு மெல்லத்தான் கழியும். நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

வைத்தியர் தொலைபேசியில் சொன்னபடி மருந்தை நிறுத்தி, இங்கேயே சேலைன் ஏற்றினோம். இரண்டாம் நாள் எழுந்து தண்ணீர் குடித்தாள். அழுத்தத்தை அளந்து பார்த்த பிறகே பழைய அளவைத் திரும்பத் தொடங்கச் சொன்னார். நீங்களாக நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம்; அழுத்தம் மீண்டும் ஏறினால் பார்வை போய்விடக்கூடும்.

வேறு கடைக்கு மாறிவிட்டேன். அளவும் காலாவதித் திகதியும் உள்ள பக்கத்தையே வெட்டித் தரச் சொல்கிறேன், அவர் அலுத்துக்கொண்டாலும். வாசித்துவிட்டுத்தான் காசை நீட்டுகிறேன்.