‘இல்லை’ வேறு, ‘இன்னும் வரவில்லை’ வேறு: லினக்ஸ் டிரைவரில் ஆப்ஷனல் வன்பொருளைக் கேட்கும் வழிகள்

ஒரு டச் கன்ட்ரோலர் சிப்புக்கு ரீசெட் பின் (சிப்பை ஆரம்ப நிலைக்குத் திருப்பும் கால்) உண்டு. சில போர்டுகளில் அதைப் பிராசசரோடு இணைத்திருப்பார்கள். சிலவற்றில் ஒரு புல்-அப் ரெசிஸ்டர் போட்டு அப்படியே விட்டிருப்பார்கள். இரண்டுக்கும் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) ஒன்றுதான். அதனால் டிரைவர் அந்தப் பின்னைக் கேட்டு, “அப்படி ஒன்று இந்த போர்டில் இல்லை” என்று பதில் வந்தால் அது பிழையே இல்லை. ஆனால் லினக்ஸின் மையமான கெர்னல் தரக்கூடிய பதில் அது ஒன்று மட்டுமல்ல. மற்ற பதில்களை என்ன செய்கிறோம் என்பதில்தான் நல்ல டிரைவரும் மோசமான டிரைவரும் பிரிகின்றன.

மிகச் சுலபமான வழி, எந்தப் பிழை வந்தாலும் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு மேலே போவது. மூன்றே வரி. அந்த மூன்று வரியால் எனக்கு நான்கு நாள் போயிற்று. அந்த போர்டில் ரீசெட் பின், ஐ-டூ-சி பஸ்ஸில் (சிப்புகளை இணைக்கும் இரு கம்பித் தடம்) தொங்கும் ஒரு ஜிபிஐஓ எக்ஸ்பாண்டரில், அதாவது கூடுதல் பின்கள் தரும் தனி சிப்பில், இருந்தது. எக்ஸ்பாண்டரின் டிரைவர் ஏறுவதற்கு முன்பே டச் டிரைவரின் ப்ரோப் (சாதனத்தைத் தயார்செய்யும் ஃபங்ஷன்) ஓடினால், கெர்னல் மைனஸ் 517 என்ற பிழை எண்ணைத் தரும். ‘நீ கேட்டது இருக்கிறது, அதைத் தர வேண்டியவர் இன்னும் வரவில்லை, பிறகு வா’ என்று பொருள். 2012-இல் 3.4 பதிப்போடு வந்த ஏற்பாடு இது. ப்ரோப் அந்த எண்ணை அப்படியே திருப்பினால் போதும், கெர்னல் அந்தச் சாதனத்தைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்து மறுபடி கூப்பிடும். எங்கள் டிரைவரோ அதை விழுங்கிவிட்டது. முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது சிப் தானாகவே சுத்தமாகத் தொடங்கும், திரையும் வேலை செய்யும். மின்சாரம் போகாமல் ரீபூட் செய்தால் மட்டும் சிப் பழைய நிலையிலேயே உறைந்து நிற்கும். லாகில் ஒரு வரி இல்லை. எக்ஸ்பாண்டர் டிரைவரைப் பிறகு ஏற்றும் மாட்யூலாக வைக்காமல் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டியபோது கோளாறு காணாமல் போனது. அப்போதுதான் எங்கே தேட வேண்டும் என்று புரிந்தது.

இதைத் திருத்துகிறேன் என்று பலர் செய்வது அரைத் திருத்தம்: 517-ஐ மட்டும் திருப்பிவிட்டு மற்றதை எல்லாம் விழுங்குவது. அந்தப் பின்னை வேறொரு டிரைவர் ஏற்கெனவே பிடித்திருந்தால் மைனஸ் 16 வரும். நினைவகம் போதாவிட்டால் மைனஸ் 12. இரண்டுமே ‘இல்லை’ ஆகாது. விழுங்குவதற்கு ஒரு பட்டியல் போடுவதைவிட, ‘இல்லை’ என்பதற்கான ஒரே எண்ணை மட்டும் மன்னித்து மற்ற எல்லாவற்றையும் திருப்புவதுதான் சரி.

இன்னொரு வழி பார்க்க அழகாக இருக்கும், அதனாலேயே ஆபத்து. பிழையா, ‘நல்’ பாயின்டரா (எதையும் சுட்டாத முகவரியா) என்று இரண்டையும் ஒரே சோதனையில் பிடித்து, உடனே பிழை எண்ணைத் திருப்புவது. கெர்னல் பிழைகளையும் பாயின்டராகவே தருகிறது. முகவரிகளின் கடைசி 4095 மதிப்புகள் அதற்கென்று ஒதுக்கியவை. ‘நல்’ பாயின்டரைப் பிழை எண்ணாக மாற்றினால் கிடைப்பது 0. ப்ரோப் 0 திருப்பினால் வெற்றி என்று அர்த்தம். பாதியில் நின்ற சாதனம் முழுதாக எழுந்துவிட்டதாகப் பதிவாகும். பின் இல்லாத போர்டில்தான் இது நடக்கும். உங்கள் மேசையில் இருக்கும் போர்டில் பின் இருந்தால் கடைசிவரை தெரியாது.

இவற்றுக்கெல்லாம் மாற்றாகத்தான் பெயரில் ‘ஆப்ஷனல்’ என்று வரும் கெர்னல் அழைப்புகள் இருக்கின்றன. ஜிபிஐஓவுக்கும் ரீசெட்டுக்கும் உண்டு. கிளாக்குக்கு (சிப்புக்குத் துடிப்பு தரும் சிக்னல்) 2019-இல் 5.1 பதிப்பில் வந்தது. வன்பொருள் இல்லையென்றால் ‘நல்’ தரும், மற்ற எல்லாப் பிழையும் பிழையாகவே வரும். அந்த ‘நல்’லைக் கொண்டுபோய் கிளாக்கை இயக்கு என்று கொடுத்தாலும் எதுவும் செய்யாமல் 0 திருப்பும். டிரைவர் முழுக்க ‘இருக்கிறதா’ என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும்: ‘நல்’ கிளாக்கின் வேகத்தைக் கேட்டால் 0 வரும். அந்த எண்ணால் வகுத்து டைமரையோ சீரியல் தொடர்பின் வேகமான பாட் ரேட்டையோ கணக்கிடும் டிரைவருக்குக் கிளாக் உண்மையில் ஆப்ஷனலே இல்லை.

சிப்புக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டருக்கு வரும்போது பெயர் அதேதான், நடத்தை வேறு. அங்கே ‘ஆப்ஷனல்’ அழைப்பு ‘நல்’ தராது. மைனஸ் 19 தரும். கிளாக் டிரைவரை நகல் எடுத்து, பிழை வந்தால் திருப்பு என்று எழுதியவருக்கு, சப்ளை இல்லாத போர்டில் சாதனமே எழாது. சாதாரண அழைப்போ, டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளை விவரிக்கும் கோப்பு) சப்ளை சொல்லப்படவில்லை என்றால் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு ஒரு போலி ரெகுலேட்டரைக் கொடுக்கும். இது பலருக்கு விசித்திரமாகப் படுகிறது. எனக்கு நியாயமாகவே படுகிறது. மின்சாரம் இல்லாமல் எந்த சிப்பும் ஓடாது. போர்டில் சப்ளை இருக்கிறது, யாரோ எழுத மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அங்கே சாதாரண அழைப்பே சரி. சிப்பின் அந்தக் கால் உண்மையிலேயே வெறுமையாக இருக்கலாம் என்றால், அதைப் பொறுத்து டிரைவர் நடந்துகொள்ளும் விதம் மாறும் என்றால் மட்டுமே ‘ஆப்ஷனல்’. எஸ்டி கார்டின் சிக்னல் வோல்டேஜ் சப்ளை அப்படிப்பட்டது: அது இல்லையென்றால் வோல்டேஜை மாற்றும் முயற்சியையே டிரைவர் கைவிட வேண்டும்.

இன்டரப்ட் (சாதனம் பிராசசரைக் கூப்பிடும் சிக்னல்) இன்னொரு மாதிரி. அங்கே ‘இல்லை’ மைனஸ் 6. சாதாரண அழைப்போடு வித்தியாசம், லாகில் பிழை வரி எழுதாது என்பது மட்டும்தான்.

ஆக, கிளாக், ஜிபிஐஓ, ரீசெட் மூன்றுக்கும் ஆப்ஷனல் அழைப்பைப் போட்டு, பிழையை யோசிக்காமல் திருப்புவேன். ரெகுலேட்டருக்கும் இன்டரப்டுக்கும் எண்ணைக் கையால் ஒப்பிடுவேன், எந்த எண் என்று மேலே ஒரு கமென்ட்டோடு. திருப்பும்போது 2020-இல் 5.9 பதிப்பில் வந்த ‘டெவ் எர்ர் ப்ரோப்’ என்ற ஃபங்ஷன் வழியாகத் திருப்புவேன். 517 என்றால் அது லாகை நிரப்பாமல், காத்திருப்பதற்கான காரணத்தை டீபக்-எஃப்எஸ் என்ற, கோளாறு தேட உதவும் கோப்புகளில் குறித்து வைக்கும். எங்கள் டச் டிரைவரை இப்படி மாற்றியபின் எக்ஸ்பாண்டர் மாட்யூலை வேண்டுமென்றே ஏற்றாமல் பூட் செய்து பார்த்தேன். காத்திருப்போர் பட்டியலில் டச் சாதனத்தின் பெயர் இருந்தது, பக்கத்திலேயே ரீசெட் பின் கிடைக்கவில்லை என்ற காரணமும் இருந்தது.