அப்பாவின் சேட்டக்கும் என் 23,500 ரூபாயும்: பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படிக்கவும்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது உள்ளங்கையில் கட்டு போட்டிருக்கிறது. இடது கை விரலால்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். போனது 23,500 ரூபாய். கையும் காலும் முறியாமல் தப்பியது தனிக்கதை.

கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை. நம்ம திருநெல்வேலியில், பழைய கியர் ஸ்கூட்டர்களை மட்டும் எடுத்துச் செய்யும் ஒரு ஒர்க்‌ஷாப். வீடியோ போட்டு ஆள் பிடிக்கிற வகை. பாட்டு ஓடும், வண்டி பளபளவென்று சுற்றும், கீழே போன் நம்பர் வரும். நானும் அப்படித்தான் போய் விழுந்தேன்.

வண்டி அப்பாவுடையது. 1984 பஜாஜ் சேட்டக். அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி வாத்தியார். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. வண்டி வீட்டுக்கு வந்த அன்று தெருவே கூடி நின்றதாக அம்மா இப்போதும் சொல்வாள். அப்பா தவறி மூன்று வருஷம் ஆகிறது. வண்டியை நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓடும், ஆனால் மூச்சு வாங்கும். பின்னால் ஆள் ஏறினால் ரெட்டியார்பட்டி மலை ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு இறங்கிவிடும். அப்புறம் சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே கேஸிங்கில் எப்போதும் எண்ணெய் கசிந்திருந்தது. துடைத்துப் பார்த்தால் தலைமுடி மாதிரி ஒரு கீறல்.

இந்தக் கீறலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் கேஸிங் என்பது வெறும் கூடு இல்லை. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கேஸிங்குக்குள்தான் போகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அங்கே அமுங்கி, பக்கத் துளைகள் வழியாக மேலே ஏறுகிறது. கேஸிங்கில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். கலவையில் பெட்ரோல் குறையும், அதோடு வருகிற ஆயிலும் குறையும், சூடு ஏறும், கடைசியில் பிஸ்டன் நகராமல் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டுவிடும். இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோன நாளைத்தான் மனசு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. கடைக்காரனுக்கு முப்பது வயது இருக்கும். வண்டியைக் கண்டதும் கையைத் துணியில் துடைத்துவிட்டு வந்தான். சீட்டைத் தடவினான். ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். டாக்டர் தோற்றார். "அப்பா வண்டியா அண்ணாச்சி? இஞ்சின் நம்பரும் அதேதானா? அப்ப கேஸிங்க மாத்தவே கூடாது, பலப்படுத்தித்தான் எடுக்கணும்" என்றான்.

அங்கேதான் நான் விழுந்தேன். ஏனென்றால் இஞ்சின் நம்பர் அடித்திருப்பது கேஸிங்கில்தான். வேறு கேஸிங் போட்டால் ஆர்சியில் இருக்கும் நம்பரோடு ஒத்துப்போகாது, ஆர்டிஓ ஆபீசுக்கு அலைய வேண்டும். எல்லாவற்றையும்விட அது அப்பாவின் வண்டி. நான் சொல்லாமலே அவன் சொன்னான் பாருங்கள்! டீ வாங்கிக் கொடுத்தான். அட்வான்ஸ் எவ்வளவு என்று நான் பர்ஸை எடுத்தபோது, "பணம் எங்க போவுது அண்ணாச்சி, மொதல்ல வண்டியப் பாப்போம்" என்றான். முதலில் பணம் கேட்காதவன் ஏமாற்ற மாட்டான் என்று நினைக்கிற ஆள் நான். இனிமேல் நினைக்க மாட்டேன்.

திட்டம் இதுதான். பழைய சிலிண்டரின் உள்விட்டம் 57 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 57, மொத்தம் 145 சிசி. அதைக் கழற்றிவிட்டு 63 மில்லிமீட்டர் கிட் (பெரிய சிலிண்டரும் பிஸ்டனும்) போட்டால் 177 சிசி வரும். புது சிலிண்டரின் பக்கத் துளைகள் பெரிதாக இருப்பதால், அதற்கு ஒத்தபடி கேஸிங்கின் வாயையும் உள்ளே குடைய வேண்டும். குடைந்தால் சுவர் மெலியும். எனவே முதலில் வெளிப்பக்கம் ஆர்கான் வெல்டிங் அடித்துச் சதை ஏற்றிவிட்டு, கீறலையும் அடைத்துவிட்டு, பிறகுதான் குடைய வேண்டும். முறை சரியான முறைதான், அதில் பொய் இல்லை. மேஜைக்கு அடியிலிருந்து அப்படிச் செய்த ஒரு கேஸிங்கை எடுத்துக் காட்டவும் செய்தான். வெல்டிங் வரிசை மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, அவ்வளவு அழகு. விரலை ஓட்டிப் பார்த்தேன். "இதே மாதிரி போட்டுத் தாரேன், கவலப்படாதிய அண்ணாச்சி."

கிட் 11,000. வெல்டிங் 6,000. லேத் வேலை, பேரிங், ஆயில் சீல் எல்லாம் 4,000. கூலி 2,500. ஆக 23,500. மூன்றாம் நாள் போன் வந்தது, கிட் ஆர்டர் போட வேண்டும் என்று. 15,000 அனுப்பினேன். வண்டி எடுக்கும்போது மீதி 8,500. இரண்டும் போனிலேயே அனுப்பியது, அதுவும் அவன் பெயரில் இல்லாத ஒரு நம்பருக்கு. பில் கேட்கவில்லை. அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவனிடம் பில் கேட்க வாய் வரவில்லை.

பத்து நாள் என்றது ஐந்து வாரம் ஆனது. வண்டியை எடுக்கப் போனபோது குனிந்து பார்த்தேன். கேஸிங் முழுக்க வெள்ளிப் பெயிண்ட், வாசனைகூடப் போகவில்லை. மீன் செதில் எங்கே என்று தேடினால், வழவழவென்று மேடாக இருந்தது.

"வெல்டிங் அடிச்ச இடத்துல எதுக்குப்பா பெயிண்ட்?"

"துருப் பிடிக்காம இருக்க அண்ணாச்சி."

அலுமினியம் துருப் பிடிக்குமா? கெமிஸ்ட்ரி வாத்தியார் மகன் நான். இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு 8,500 ரூபாய் அனுப்பினேன். அப்பா இருந்திருந்தால் பிரம்பை எனக்குத்தான் எடுத்திருப்பார்.

ஆனால் வண்டி என்னமோ பறந்தது. ரெட்டியார்பட்டி ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியது. நாலு பேரிடம் சொல்லி, ரெண்டு பேருக்கு அவன் நம்பரும் கொடுத்தேன். (அந்த ரெண்டு பேருக்கும் இப்போது போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.) பத்து நாள் கழித்து வண்ணார்பேட்டை சிக்னலில் நிற்கும்போது, ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இஞ்சின் தானாக ஏறி ஏறிக் கத்தியது. போன் பண்ணினேன். "புது கிட் அப்படித்தான் அண்ணாச்சி, ஓட ஓட செட் ஆயிரும்" என்றான். அதுதான் காற்று புகுவதன் முதல் அறிகுறி. செட் ஆகும் என்று நானும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்குநேரியில் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். அறுபதுக்கு மேல் போகவில்லை, சத்தியமாக. மூன்றடைப்பு நெருங்கும்போது இஞ்சின் சத்தம் மெலிந்து கிண்கிண் என்று ஒரு ஒலி வந்தது. என்ன என்று யோசிப்பதற்குள் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடிக்கக் கை போகும் முன்னால் வண்டி பாம்பு மாதிரி நெளிந்து என்னை மண் ஓரத்தில் வீசிவிட்டது. பின்னால் லாரி இல்லை, பஸ் இல்லை, யார் செய்த புண்ணியமோ. அக்காவுக்கு வாங்கிய அரைக்கிலோ அல்வா தார் ரோட்டில் கிடந்தது. டீக்கடைக்காரர் ஒருவர் ஓடிவந்து தூக்கிவிட்டு, கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். லோடு ஆட்டோ பிடித்து வண்டியை ஏற்றினேன். அதற்கு 1,800. இது 23,500-இல் சேராது.

அங்கிருந்தே அவனுக்குப் போன் பண்ணினேன். எடுத்ததும், "சொல்லுங்க சார்" என்றான்.

சார்! அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஆயில் கம்மியா ஊத்திருப்பிய சார்." ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மில்லி ஆயில் கலந்தால் போதும் என்பார்கள். புது பிஸ்டன் என்று நான் 30 ஊற்றிக்கொண்டிருந்தேன். சொன்னேன். "அப்ப ஆயில் டூப்ளிகேட்டா இருக்கும்." மறுநாள் நேரில் போனேன். வெல்டிங் பண்ணுன ஆள் ஊருக்குப் போயிருக்கிறார், அடுத்த திங்கள் வருவார் என்றான். திங்கள் போனேன், கோயில் கொடைக்குப் போனவர் இன்னும் வரவில்லை, வியாழன் வாங்க. வியாழன் நாலு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. பழைய சிலிண்டரையாவது கொடு என்றால், "அது பழைய இரும்புல போயிட்டு சார்" என்கிறான். அப்பா காலத்துச் சிலிண்டர். போரிங் போட்டு, அதாவது உள்ளே கடைந்து, இன்னும் ஒரு சுற்று ஓட்டியிருக்கலாம்.

சரி, இனி அவனிடம் பேசிப் பயனில்லை என்று இஞ்சினை இறக்கி, பேட்டையில் ஆர்கான் வெல்டிங் போடும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கேஸிங்கைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பெஞ்சில் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்த வழவழ மேட்டின் ஓரத்தில் வைத்து ஒரு நெம்பு. அப்பளத் துண்டு மாதிரி ஒரு வில்லை கழன்று வந்தது. உள்ளே சாம்பல் நிறம். தண்ணீர்த் தொட்டி ஓட்டைக்கு ரெண்டு உருண்டையைப் பிசைந்து அப்புவோமே, அந்த ஜாதிப் பசை. அதற்கு மேல் வெள்ளிப் பெயிண்ட். வெல்டிங் ஒரு பொட்டுகூட இல்லை. பசைக்கு அடியில் அதே பழைய கீறல் இருந்தது, ஆனால் இப்போது ரெண்டு விரல் நீளம். உள்ளே மட்டும் நன்றாகவே குடைந்திருக்கிறான், சுவர் ஓரிடத்தில் தகரம் மாதிரி ஆகிவிட்டது.

"யாருவே இதப் பண்ணுனது?" என்றார். சொன்னேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

முறையாகச் செய்தால் எப்படி என்று அவர்தான் விளக்கினார். பழைய வார்ப்பு அலுமினியம் எண்ணெய் குடித்திருக்கும், முதலில் சூடுபடுத்தி அதைக் கக்க வைக்க வேண்டும். கீறலை அப்படியே மூடக்கூடாது, வாய்க்கால் மாதிரி அடி வரை வெட்டிவிட்டு நிரப்ப வேண்டும். கேஸிங்கின் ரெண்டு பாதியையும் போல்ட் போட்டு இறுக்கி வைத்துத்தான் அடிக்க வேண்டும், இல்லையென்றால் சூட்டில் முறுக்கிக்கொண்டு பேரிங் உட்காரும் இடம் நேர்கோட்டில் நிற்காது. மெதுவாக ஆறவிட்டு, சிலிண்டர் உட்காரும் முகத்தை மறுபடி லேத்தில் சமன் செய்ய வேண்டும். "இவ்வளவு வேல இருக்குவே, அவன் ரெண்டு உருண்டயில முடிச்சிட்டான்." என் கேஸிங் பிழைக்குமா என்று கேட்டேன். வைத்துவிட்டுப் போ, பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

அந்த வில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேற்று மறுபடி போனேன். அவன் முன்னால் மேஜையில் வைத்தேன். ஒரு நிமிஷம் முகம் மாறியது. அப்புறம் என்ன சொன்னான் தெரியுமா? "இது நாங்க போட்டது இல்ல சார், வெளிய குடுத்துப் பிரிச்சிருக்கிய, நாங்க பொறுப்பு இல்ல." 23,500 ரூபாயைத் திருப்பிக் கொடு என்றேன். 2,000 தருகிறேன் என்றான், அதுவும் வீடியோவில் நல்ல வார்த்தை சொன்னால்! போலீசுக்குப் போவேன் என்றதும் குரல் மாறிவிட்டது. "போங்க சார். 145 சிசி வண்டில 177 போட்டு ஓட்டினது யாரு? ஆர்சில இருக்கா?"

அதுதான் வயிற்றெரிச்சல். அவன் சொன்னதில் பாதி உண்மை. ஆர்சியில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. கிட் போடும்போது இதை அவன் வாயே திறக்கவில்லை, பணம் கேட்டதும் சட்டம் ஞாபகம் வந்துவிட்டது. இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கத்தான் போகிறேன். ஐந்து லட்சத்துக்குள் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பில் இல்லாமல் எவ்வளவு தூரம் நிற்கும் என்று வக்கீல் நண்பன் உதட்டைப் பிதுக்குகிறான். பணம் அனுப்பிய பதிவும் அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் இருக்கின்றன, பார்ப்போம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஒத்துழைக்கவில்லை. சுருக்கமாக: கேஸிங் வேலை என்றால் சிலிண்டர் மாட்டும் முன், பெயிண்ட் அடிக்கும் முன், நேரில் போய்ப் பாருங்கள். வெல்டிங் வரி கண்ணுக்குத் தெரிய வேண்டும். இஞ்சின் பூட்டியதும் கார்ப்ரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்து லேசாகக் காற்று ஏற்றி, அழுத்த மீட்டரின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள், சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு தெரிந்துவிடும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இஞ்சின் கத்தினால் அன்றோடு நிறுத்துங்கள். கழற்றிய பழைய சாமானை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பில். பில். பில்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் புது வீடியோ போட்டிருக்கிறான். சிவப்பு நிற பஜாஜ் சூப்பர், டிஎன் 76, தென்காசி வண்டி. கேஸிங் வெள்ளியாக மின்னுகிறது. அந்த வண்டிக்காரர் யாரென்று தெரியவில்லை. அண்ணாச்சி, இதைப் படித்தால் வண்டியைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். சிலிண்டருக்குக் கீழே ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுரண்டிப் பாருங்கள், அவன் முன்னாலேயே.