பாதி ஓடிய டாஸ்கை வேறு கம்ப்யூட்டருக்குத் தூக்கிப்போகலாமா?

தக்கலையில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு பழைய டெஸ்க்டாப் உண்டு. பகலில் கடைக் கணக்கு, மற்ற நேரம் பாயிங்க். தெரியாதவர்களுக்காக: ஆராய்ச்சிக்காரர்கள் தங்களுடைய பெரிய கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி (ஒரு துண்டுதான் ஒரு டாஸ்க்), வீடுகளில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பி, முடித்து வாங்கிக்கொள்வார்கள். அதற்காக அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய மென்பொருள்தான் பாயிங்க். வேற்றுலகவாசிகளின் ரேடியோ சிக்னலைத் தேட 1999-இல் தொடங்கிய செட்டி அட் ஹோம் மூலம் பலருக்கு இந்தப் பழக்கம் வந்தது. அது 2020 மார்ச் 31-ஓடு புது வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. ஐன்ஸ்டீன் அட் ஹோம், ரொசெட்டா, கிளைமேட் பிரிடிக்‌ஷன் போன்ற திட்டங்கள் அதன் பிறகும் தொடர்ந்தன.

ஐப்பசி மழையில் ஒருநாள் சாயங்காலம் இடி இடித்தது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி எரிந்துபோய்விட்டது. உள்ளே கிளைமேட் பிரிடிக்‌ஷன் அனுப்பிய ஒரு பருவநிலை மாடல் 68 சதவீதம் ஓடியிருந்தது. நாகர்கோவிலில் இருக்கும் மருமகனிடம் போனில் சொன்னேன். “அதுக்கென்ன மாமா, டிஸ்க்க கொண்டு வாங்க, எனக்க லேப்டாப்புல போட்டு ஓட்டிரலாம்” என்றான்.

ரப்பர் தோட்டத்தில் ஒரு சிரட்டைப் பாலை இன்னொரு சிரட்டையில் ஊற்றுகிற மாதிரி நானும் நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை. ஒவ்வொரு டாஸ்கும் ஒரு குறிப்பிட்ட கம்ப்யூட்டரின் எண்ணோடு சர்வரில் பதிவாகியிருக்கும். ஒரே அக்கவுண்டில் நான்கு கம்ப்யூட்டர் வைத்திருந்தாலும் ஒன்றின் டாஸ்கை மட்டும் உருவி அடுத்ததில் போட பாயிங்க்கில் வழி கிடையாது. பாயிங்க் தன் நிலவரத்தை எழுதி வைக்கும் கிளையன்ட் ஸ்டேட் என்கிற எக்ஸ்எம்எல் ஃபைலைத் திறந்து, ஒரு டாஸ்குக்கு உரிய வரிகளை மட்டும் வெட்டி ஒட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வரி தவறினால் மீதி டாஸ்குகளும் சேர்ந்து போகும். இந்த வேலைக்கு நான் வரவில்லை.

மிஞ்சுகிற வழிகளில் முதலாவது, இருக்கிற இடத்திலேயே முடிய விடுவது. பாயிங்க்கில் ‘புது வேலை வேண்டாம்’ என்று ஒரு பட்டன் உண்டு. பாயிங்க் சாராத இதே மாதிரித் திட்டமான ஃபோல்டிங் அட் ஹோமில் ‘ஃபினிஷ்’. அழுத்திவிட்டால் கையில் இருப்பதை முடித்து அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும். கம்ப்யூட்டரை விற்கப் போகிறீர்கள், ஃபார்மேட் பண்ணப் போகிறீர்கள் என்று நாலு நாள் முன்னாலேயே தெரிந்தால் இதைவிட நல்லது எதுவும் இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர் ஹைபர்னேட் பண்ணினாலே போதும்.

இரண்டாவது, திருப்பிக் கொடுப்பது, அதாவது அபார்ட். இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ‘ஒன்பது மணிநேரம் ஓடிவிட்டதே’ என்பார்கள். சரி, அந்த ஒன்பது மணிநேரத்துக்கான கரண்டு போனது போனதுதான். ஆனால் ஆராய்ச்சியில் எதுவும் கெட்டுப்போவதில்லை. அபார்ட் ஆன செய்தி சர்வருக்குப் போனதும் அதே துண்டை வேறொருவருக்கு அனுப்ப ஏற்பாடாகிவிடும். மாறாக, சொல்லாமல் கொள்ளாமல் கம்ப்யூட்டரை மூலையில் போட்டால்தான் தொல்லை. கெடு தீரும்வரை சர்வர் உங்களை நம்பிக் காத்திருக்கும். ஐன்ஸ்டீனில் கெடு பெரும்பாலும் 14 நாள். அங்கே பல டாஸ்குகளை இரண்டு பேரிடம் கொடுத்து விடையை ஒப்பிடுவார்கள். நீங்கள் பேசாமல் இருந்தால், எங்கோ ஒருவர் முடித்துக் கொடுத்த வேலைக்குப் புள்ளி, அதாவது அதற்கான மதிப்பெண், ஏறாமல் நிற்கும். ரொசெட்டா டாஸ்குக்குக் கெடுவே மூன்று நாள் அளவில்தான். அதை பென் டிரைவில் காப்பி பண்ணி, பஸ் ஏறி, கொண்டுபோய்ப் போடுவதற்குள் யாரோ புதிதாக ஓட்டியே முடித்திருப்பார்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் பல ஊர்களுக்குக் கரண்டு வர நாள்கணக்கானது. கடலுக்குப் போனவர்கள் திரும்பினார்களா என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் டாஸ்க் நினைப்பு யாருக்கு வரும்? என் கம்ப்யூட்டர் மறுபடி விழித்தபோது சில டாஸ்குகள் கெடு தாண்டியிருந்தன. சர்வர் அவற்றை வேறு ஆளுக்குக் கொடுத்திருந்தது. ஒரு கம்ப்யூட்டர் காணாமல் போகும் என்று எதிர்பார்த்தே கட்டின அமைப்பு இது.

மூன்றாவது வழியைத்தான் நான் பிடித்தேன். டாஸ்க் ஒன்றை மட்டும் எடுக்காமல், பாயிங்க் டேட்டா போல்டரை மொத்தமாகத் தூக்குவது. விண்டோஸில் சி டிரைவில் புரோகிராம் டேட்டா என்ற மறைந்திருக்கும் போல்டருக்குள் இருக்கும். பழைய டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு, மருமகன் லேப்டாப்பில் பாயிங்க்கை முழுக்க நிறுத்திவிட்டு, அவனுடைய போல்டரை வேறு பெயரில் ஒதுக்கி வைத்துவிட்டு, என்னுடையதை அங்கே போட்டோம். திறந்தால் அதே மாடல், அதே 68. அந்த நேரத்தில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சர்வரைப் பொறுத்தவரை அது என் பழைய கம்ப்யூட்டரேதான். அடுத்த தடவை பேசும்போது சிபியு போன்ற விவரங்கள் மட்டும் மாறிப் பதிவாகும்.

இது நடக்க வேண்டுமானால் இரண்டும் ஒரே ஜாதி ஓஎஸ்ஸாக இருக்க வேண்டும். விண்டோஸுக்கு வந்த புரோகிராம் லினக்ஸில் எழும்பாது, டாஸ்க் எரர் ஆகிவிடும். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுக்கு வந்த டாஸ்கை கார்டு இல்லாத லேப்டாப்பில் போட்டால் ‘ஜிபியு காணவில்லை’ என்று உட்கார்ந்திருக்கும். இன்டெல்லில் பாதி, ஏஎம்டியில் மீதி ஓடினால் தசமக் கணக்கில் நுணுக்கமான வித்தியாசம் வரலாம். அதனாலேயே சில புராஜெக்டுகள் ஒரே துண்டை ஒரே வகை சிபியுக்களுக்கு மட்டும் அனுப்புகின்றன. அப்படிப்பட்ட டாஸ்கைச் சிபியு மாற்றி ஓட்டினால், முடித்த பிறகும் விடை செல்லாமல் போக வாய்ப்பு உண்டு.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. பட்டுத் தெரிந்துகொண்டது வேறு. ஒரு வாரம் கழித்துப் புது பவர் சப்ளை மாட்டி, டிஸ்க்கைத் திரும்ப வைத்து, டெஸ்க்டாப்பை ஆன் பண்ணினேன். நெட் கேபிள் செருகியே இருந்தது. பாயிங்க் தானாகத் தொடங்கும் என்பது நினைவில் இல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னோடு எத்தனையாவது தடவை பேசுகிறது என்று சர்வர் எண்ணி வைத்திருக்கும். லேப்டாப் அதற்குள் பல தடவை பேசியிருந்தது. டெஸ்க்டாப் பழைய எண்ணோடு வந்து நின்றதும், ‘இது யாரோ காப்பி’ என்று முடிவுகட்டி அதற்குப் புது எண் கொடுத்துவிட்டது. அது தெரியாமல் டெஸ்க்டாப் அதே மாடலை 68-இலிருந்து மறுபடி ஓட்டிக்கொண்டு இருந்தது, யாருக்கும் வேண்டாத ஒரு ஓட்டம். மறுநாள் மத்தியானம்தான் பார்த்தேன். 100 வாட் இழுக்கும் பெட்டி ஒரு நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144. இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை அது ஒன்றே தின்றுவிடும். எனவே காப்பி எடுத்தபின் பழைய போல்டரை அழித்துவிடுங்கள், அல்லது நெட்டைப் பிடுங்கிவிட்டு ஆன் பண்ணுங்கள்.

நான்காவது, டிஸ்க்கையே அடுத்த பெட்டியில் மாட்டி அதிலிருந்தே பூட் பண்ணுவது. லினக்ஸ் என்றால் பெரும்பாலும் முனகாமல் எழும்பும். விண்டோஸ் என்றால் டிரைவர், ஆக்டிவேஷன் என்று இழுக்கும். கையில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவருக்குப் போல்டர் காப்பியைவிட இது பத்திரம், ஏனென்றால் இரண்டாவது பிரதியே உருவாவதில்லை. என் தவறு இதில் நடக்கவே நடக்காது.

விர்ச்சுவல் மெஷின், அதாவது கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாலேயே அமைக்கும் இன்னொரு கம்ப்யூட்டர், ஐந்தாவது. தொடக்கத்திலிருந்தே பாயிங்க்கை ஒரு விர்ச்சுவல் லினக்ஸுக்குள் ஓட்டினால், அந்த விர்ச்சுவல் மெஷின் இருக்கும் போல்டரை எங்கும் கொண்டுபோகலாம், வெளியே விண்டோஸா லினக்ஸா என்ற கவலை இல்லை. ஷட்டவுன் பண்ணிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். உறைய வைத்த நிலையில் இன்டெல்லிலிருந்து ஏஎம்டிக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் எழும்பாது. ராம் தனியாகக் கேட்கும், கிராஃபிக்ஸ் கார்டு சாதாரணமாகக் கைக்கு வராது. மாதம் ஒரு தடவை கம்ப்யூட்டர் மாற்றுகிறவருக்கு மட்டும் சரி.

பாயிங்க்குக்கு வெளியே ஒரு விதிவிலக்கு உண்டு. 1996 முதல் மெர்சென் பகா எண்களை (இரண்டின் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண்களை) தேடும் கிம்ப்ஸ் கூட்டத்தின் பிரைம்95. அதில் ஒர்க்டுடு என்ற டெக்ஸ்ட் ஃபைலில் உங்கள் எண்ணுக்கு ஒரு வரி, கூடவே ‘பி’ எழுத்தில் தொடங்கும் சேவ் ஃபைல். புரோகிராமை நிறுத்திவிட்டு இரண்டையும் அடுத்த கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய், பழையதில் அந்த வரியை எடுத்துவிட்டால் தீர்ந்தது. விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கும் போகும். 2024 அக்டோபரில் 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல் இலக்கம் கொண்ட பகா எண்ணை அறிவித்தவர்கள் இந்தக் கூட்டத்தினர்தான். ஒரு எண்ணைச் சோதிக்க சாதாரண கம்ப்யூட்டருக்கு நாள்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு ஆகும். அங்கே நகர்த்துவதற்கு நியாயம் இருக்கிறது.

பருவநிலை மாடலுக்கும் அந்த நியாயம் பாதி உண்டு. கெடு ஒரு காலத்தில் ஏறத்தாழ ஒரு வருடம் இருந்தது, கரண்டு திடீரென்று போனால் மாடல் நொறுங்கும் என்று போல்டரை அவ்வப்போது காப்பி எடுத்து வைப்பதே பலருக்கு வழக்கம். ஆனால் மாடல் ஓட ஓட இடைக்கணக்கை டிரிக்கிள் என்ற பெயரில் சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், புள்ளியும் அதை வைத்தே ஏறும். அதாவது என்னுடைய 68-இல் பெரும்பகுதி இடி விழும் முன்பே கரை சேர்ந்திருந்தது. இது தெரிந்திருந்தால் டிஸ்க்கைக் கழற்றியிருப்பேனா? கழற்றியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது டெஸ்க்டாப்பில் வேலை இருப்பு அரை நாளுக்கு மேல் இல்லை. மேகம் இருட்டினால் ‘புது வேலை வேண்டாம்’ போட்டுவிடுகிறேன், அடுத்த கெடு நெருக்கமாக இருந்தால் அபார்ட். மருமகன் லேப்டாப்பில் அந்த மாடல் மேலும் பதினோரு நாள் ஓடி முடிந்தது. புள்ளி என் பெயரில் ஏறியது. கரண்டு பில் மச்சான் பெயரில்.