சிங்கப்பூர் தேக்கா பக்கம் தமிழ்ல நடக்குற கர்ப்பிணி வகுப்பு: தைராய்டு மாத்திரை போடுறவங்க கண்டிப்பா போங்க

போன சனிக்கிழமை தேக்கா பக்கத்துல ஒரு சின்ன கிளினிக் மாடியில நடக்குற வகுப்புக்குப் போயிட்டு வந்தோம், ரெண்டு மணி நேரம், ஜோடிக்கு 40 வெள்ளி, கூட வந்த அத்தைக்குத் தனியா காசு வாங்கல. எனக்கு இப்ப 14 வாரம். கல்யாணத்துக்கு முன்னாடியே தைராய்டு கம்மின்னு மாத்திரை சாப்பிடுறேன், மாசமா இருக்கேன்னு தெரிஞ்சதும் டாக்டர் டோஸ் ஏத்திட்டாரு, அன்னையிலேருந்து அத்தைக்கு ஒரே கவலை, வயித்துப் பிள்ளைக்கு இவ்ளோ மருந்து ஆகுமான்னு. அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன், எனக்கும் அதே பயம்தான்.

பாடம் எடுத்த மிஸ்ஸி (நர்ஸ்) இதுக்கே அரை மணி நேரம் குடுத்தாங்க. பாப்பாவோட தைராய்டு சுமாரா 12 வாரத்துலதான் வேலைய ஆரம்பிக்கும், 18, 20 வாரம் ஆனாத்தான் சொல்லிக்கிற மாதிரி சொந்தமா சுரக்கும், அதுவரைக்கும் அம்மா ரத்தத்துலேருந்து போற தைராய்டு ஹார்மோன்தான். அதுக்கப்புறம் சொன்னதுதான் என்னால மறக்கவே முடியல. நம்ம டி4, அதாவது தைராய்டு சுரக்குற ஹார்மோன், மாத்திரையில இருக்கறதும் அதுதான், பாப்பா மூளைக்குள்ள போயி டி3ங்கிற வேலை செய்யுற வடிவமா மாறுது. அங்க செல்லுக்குள்ள டிஎன்ஏ மேல ரிசெப்டார்னு ஒரு புரதம் முன்னாடியே உட்கார்ந்திருக்கு, ஹார்மோன் வராத வரைக்கும் அது சில ஜீன்கள வேலை செய்ய விடாம அமுக்கிப் பிடிச்சுக்குது, டி3 வந்து ஒட்டினதும் அதே புரதம் பிடிய விட்டு ஜீன ஓட விடுது. நரம்பு செல் தன் இடத்துக்கு நகர்றது, நரம்பு மேல மயலின்ங்கிற கொழுப்பு உறை படியறதுன்னு பல வேலைக்கு இது வேணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு காலம் இருக்கு. அத்தை தஞ்சாவூர் பக்கம், "நாத்து நடுற மாசத்துல தண்ணி வரலன்னா அப்புறம் ஆறு நிறைய வந்து என்ன"ன்னாங்க. மிஸ்ஸி அதையே போர்டுல எழுதிட்டாங்க!

சில குழந்தைங்க தைராய்டு சரியா இல்லாமலே பிறக்கும், உலக அளவுல 2000லேருந்து 4000 பிறப்புக்கு ஒண்ணு, பாத்தா ஒண்ணும் தெரியாது. அதுக்குத்தான் இங்க பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்துல டிஎஸ்எச் (தைராய்ட வேலை வாங்குற ஹார்மோன்) அளவு பாக்குறாங்க, 2 வாரத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்சா பெரும்பாலும் நல்லா வளர்ந்துடும்.

எனக்கு உடனே உதவினது இன்னொண்ணு. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள தைராய்டு மாத்திரையோட சேத்துப் போட்டா ஹார்மோன் சரியா உடம்புல சேராது, 4 மணி நேரம் இடைவெளி விடணும். நான் எல்லாத்தையும் காலையில கோப்பியோட ஒண்ணாப் போட்டுக்கிட்டு இருந்தேன், இத்தனை நாளா யாருமே கேக்கல. இப்ப தைராய்டு மாத்திரை விடியக்காலை வெறும் வயித்துல, இரும்பு மத்தியானம். டோஸ மட்டும் நீங்களா மாத்தாதீங்க, ரத்தம் பாத்து டாக்டர்தான் சொல்லணும்.

குறைன்னா, கையில குடுத்த தாள் முழுக்க இங்கிலீஷ்ல இருக்கு, பேசுறது அவ்ளோ அழகான தமிழ், வீட்டுல மாத்திரை எடுத்துக் குடுக்குற அத்தையால அதப் படிக்க முடியல, இத அவங்க கண்டிப்பா மாத்தணும். ஏர்கான் ரொம்பக் குளிர், சால்வை எடுத்துட்டுப் போங்க. ஒரு வகுப்புக்கு 8 ஜோடிதான், முடிஞ்சா 12 வாரத்துக்கு முன்னாடியே போயிடுங்க, நான் லேட்டாத்தான் போனேன்.